லேடீஸ் பெட்டியில் நாம் சிரித்தது

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, இரவு மூக்கில் மாட்டிய மாஸ்க்கைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, மொட்டைமாடிக் கொடியில் துண்டுக்குப் பின்னால் மறைத்துக் காயப்போட்டேன். எதிர்வீட்டுக்காரி பார்த்தால் என்னவென்று கேட்பாள். கையில் புது ரப்பர் வாடை போகவே இல்லை. அங்கேயே நின்று உன்னை நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஸ்லீப் ஆப்னியாவாம். தூக்கத்தில் தொண்டை அடைத்து, மூச்சு நின்று நின்று வருகிறது; எத்தனை மணி நேரம் தூங்கினாலும் களைப்பு தீராது. வானகரம் சிக்னலில் ஸ்கூட்டரில் இருந்தபடியே கண் சொருகிவிட்டது. பின்னால் நின்றவரின் ஹாரன்தான் எழுப்பியது. அதற்கப்புறம்தான் பயந்துபோய் டாக்டரிடம் போனேன். உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி ஓர் இரவு சோதித்தார்கள்.

"குறட்டை கிடக்கட்டும்மா. நடுவுல சத்தமே இல்லாம போகுது பாருங்க, அதுதான் மூச்சு நிக்கிற நேரம்" என்றார் டாக்டர். எனக்கு உன் குறட்டைதான் ஞாபகம் வந்தது.

தினமும் வேலைக்குப் போகும் மின்சார ரயிலில், லேடீஸ் பெட்டியில், நீ ஆவடியில் ஏறி எனக்கு இடம் போட்டு வைப்பாய். அம்பத்தூரில் நான் வந்து உட்கார்ந்ததும், கொரட்டூர் தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்துவிடுவாய். பேசின் பிரிட்ஜில் உன்னை எழுப்புவது என் பொறுப்பு. உன் குறட்டை பெட்டி முழுக்கக் கேட்கும். திடீரென்று நிற்கும். எல்லாரும் பேச்சை விட்டுவிட்டுக் காத்திருப்போம். பூக் கட்டுகிறவள்கூடக் கையை நிறுத்துவாள். நீ திணறி, பெரிதாக இழுத்து மறுபடி ஆரம்பித்ததும் பெட்டியே சிரிக்கும். முதலில் சிரிப்பவள் நான்.

"இன்னாடி சிரிக்கிறீங்க? ரயில்லதான் ஒயிங்கா தூங்குறேன். ஊட்ல எங்க தூங்க உடுறாங்க?" என்று நீயும் சேர்ந்து சிரிப்பாய்.

நான்கு வருடம் முன்பு ஒரு விடியற்காலையில் நீ எழுந்திருக்கவில்லை. "தூக்கத்துலயே போய்ட்டா, குடுத்து வச்சவ" என்று உன் வீட்டு வாசலில் யாரோ சொன்னபோது நானும் தலையாட்டினேன். உனக்கும் இதுதான் இருந்திருக்குமா என்று இப்போது டாக்டரிடம் கேட்டேன். பார்க்காத ஒருவரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலோடுதான் வீடு வந்தேன்.

பல்லில் மாட்டும் கருவி என் நிலைக்குப் போதாதாம். ஆபரேஷன் உண்டு, முழுப் பலன் நிச்சயமில்லையாம். எடையைக் குறைத்தால் நல்லது. ஆனால் அதுவரை, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டை அடைக்காமல் பார்த்துக்கொள்ளும் இந்த மெஷின் இல்லாமல் தூங்க வேண்டாம் என்கிறார். ஒரு வாரம் போட்டுப் பார்க்கக் கொடுத்திருக்கிறார்கள். முதல் இரவு அரை மணியில் பிடுங்கி எறிந்தேன். நேற்று நான்கு மணி நேரம் தாங்கினேன்.

"இன்னா, ராக்கெட் ஓட்டப் போறியா?" என்றார் என் வீட்டுக்காரர். பிறகு குரல் இறங்கியது. "தினம் வாக்கிங் போலாம், நானும் வரேன். ஆயுசுக்கும் இத்த மாட்டிக்கினா படுப்பே?" சனிக்கிழமை திருப்பிக் கொடுத்துவிடலாம் என்கிறார். அவருக்கும் பயம்தான்.

நீ ஆரம்பித்து வைத்த வேளாங்கண்ணிப் பயணம் இந்த வருடமும் உண்டு. ரயில் தோழிகள் எல்லாரும் ஒரே ஹாலில் பாய் விரித்துப் படுப்பார்கள். உன் குறட்டைக் கதையை இன்னும் சொல்கிறார்கள். சிரித்து ஓய்ந்ததும் யாராவது ஒருத்தி அழுதுவிடுவாள். முட்டிவலி, வரவில்லை என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். இந்த மாஸ்க்கோடு அவர்கள் நடுவில் படுக்க வெட்கம்.

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. மெஷினைத் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை. வேளாங்கண்ணிக்கும் போகிறேன். பிளக் பாயிண்டுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு, எல்லாரும் பார்க்க மாட்டிக்கொள்வேன். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நாம் எதைப் பார்த்துச் சிரித்தோம் என்று அப்போது சொல்வேன். பிறகு, உன்னிடம் ஒரு நாளும் கேட்காததை ஒவ்வொருத்தியிடமும் கேட்பேன்: தூங்கி எழுந்த பிறகும் உனக்குக் களைப்பாகவே இருக்கிறதா?