சின்னவள் உட்கார்ந்த பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

கடையில் கூட்டம். கண்ணாடியின் மூக்குத் தாங்கியை மாற்ற வந்தவர்களே அதிகம். கண் பார்க்க வந்த மற்றவர்களிடம் நாளெல்லாம் நான் கேட்பது ஒரே கேள்வி: "இதுல தெளிவா இருக்கா, அதுலயா?" என்னை யாராவது கேட்டால் இரண்டும் ஒன்றுதான் என்பேன்.

சாயங்காலம் வழக்கம்போல வீட்டு ஜெபம். முன்பு மூன்று பேர் தரையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு வசனமாக வாசிப்போம். முதலில் என் வீட்டுக்காரர், அவருக்கு இடப்பக்கம் சின்னவள் என்று நாங்கள் கூப்பிடும் என் தங்கை, எதிரே நான். சின்னவள் ஜனவரியில் காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பவில்லை. இப்போது அவர் ஒருவரே வாசிக்கிறார். நான் வாயைத் திறப்பதில்லை. உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

மார்ச் 6, வியாழன்

போதகர் வந்திருந்தார். ஆறுதல் வசனங்களாகவே சொன்னார். தலையாட்டினேன். "வேதத்தையும் ஜெபத்தையும் ஒருநாளும் விட்டுடாதீங்கம்மா. உடம்புக்குச் சாப்பாடு மாதிரி ஆத்துமாவுக்கு அது." பசியே இல்லாதவளிடம் சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிறார். அவர்மேல் கோபமில்லை. கோபம் வந்தால்கூட நன்றாக இருக்கும்.

மார்ச் 9, ஞாயிறு

நாளாகமம் தொடங்கியிருக்கிறோம். வேதத்தை வரிசையாக வாசிப்பது, எதையும் தாண்டுவதில்லை என்பது இவர் போட்ட சட்டம். முதல் அதிகாரங்கள் முழுக்கப் பெயர்கள். போன தடவை சின்னவள் கேட்டாள்: "இது வேதமா அத்தான், வாக்காளர் பட்டியலா?"

இப்போது எனக்கு இந்தப் பட்டியல்தான் தோதாக இருக்கிறது. இதில் யாரும் என்னைத் தேற்ற வருவதில்லை. இவன் அவனைப் பெற்றான், அவன் இன்னொருவனைப் பெற்றான். பெறட்டும்.

ஆனால் இவர் இன்று ரொம்பத் திக்கினார். வேதம் இவருக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று நான் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தவள்.

மார்ச் 13, வியாழன்

இன்றும் திக்கல். அரை அதிகாரத்தோடு நிறுத்திவிட்டார். வெள்ளெழுத்து முற்றியிருக்க வேண்டும். கண்ணாடிக்கடைக்காரியின் புருஷனுக்கே கண் தெரியவில்லை என்றால் விளக்கடியில் இருட்டு என்பார்கள்.

மார்ச் 15, சனி

கடைக்கு வரவழைத்துச் சோதித்தேன். பஸ் டிப்போவிலிருந்து நேரே வந்தார், கையெல்லாம் டயர்க் கறுப்பு. கிட்டத்தில் பிடித்துப் படிக்கும் அட்டையைக் கொடுத்தேன். கடைசி வரிசையின் பொடி எழுத்துவரை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டார். இருந்தாலும் பவரைக் கொஞ்சம் கூட்டிப் புதுக் கண்ணாடி போட்டுவிட்டேன். "எப்படி இருக்கு?" "ரொம்ப நல்லா இருக்கு."

சாயங்காலம் அதே திக்கல்.

மார்ச் 18, செவ்வாய்

தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். தலை வலிக்கவில்லை. கூடத்தில் அவர் தனியாக வாசிப்பது கேட்டது.

மார்ச் 19, புதன்

தலைவலி.

மார்ச் 20, வியாழன்

இன்று பொய்கூடச் சொல்லவில்லை. ஜெப நேரத்தில் எழுந்து அறைக்குள் போய்விட்டேன். அவரும் கேட்கவில்லை. விட்டுவிடுவது இவ்வளவு சுலபமா?

மார்ச் 22, சனி

விடிந்ததும் தண்ணீர் குடிக்கப் போனேன். அடுப்பு மேடையில் வேதத்தை விரித்துவைத்து, விரலை வரியில் ஓட்டியபடி அவர் நின்றுகொண்டிருந்தார். எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி.

"என்னங்க, கண்ணாடி சரியில்லையா?"

"கண்ணாடி நல்லாத்தான் இருக்கு. எழுத்து தெரியுது. எனக்குத்தான் வாசிக்க வரல." விரலை எடுக்கவில்லை. "சாயங்காலத்துக்கு இப்பவே பழகிக்கிறேன்."

"இத்தன வருஷமா வாசிச்சீங்களே?"

"சின்னவ பக்கத்துல இருந்து முணுமுணுப்பா. நான் அதச் சத்தமாச் சொல்லுவேன். அவ போனப்புறம் தெரிஞ்ச பகுதிய மனப்பாடமா ஒப்பிச்சேன், இந்தப் பேருங்கதான் வரல."

நாலாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவர் என்று தெரியும். இது தெரியாது. எதிரேயே உட்கார்ந்திருந்தேன், ஊருக்கெல்லாம் கண் பார்ப்பவள்! என்கிட்ட சொன்னா என்ன? நான் என்ன, சிரிச்சிருப்பேனா? சிரித்திருப்பேன். அதுதான் உண்மை.

"நான்தான் வர்றதே இல்லையே. யாருக்காக வாசிக்கிறீங்க?"

"எனக்கும் உள்ள ஒண்ணும் தோணல. மரக்கட்டையாட்டம்தான் இருக்கு. ரெண்டு பேரும் விட்டுட்டா அப்புறம் இந்த வீட்ல அது திரும்ப வராது. நீ கதவச் சாத்திக்க. தாழ்ப்பாள் மட்டும் போட வேணாம்னு பாத்தேன்" என்றார். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

மார்ச் 23, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை. சாயங்காலம் அறைக்குள்ளிருந்து கேட்டேன். காலையில் பழகியும் திக்கினார்.

மார்ச் 25, செவ்வாய்

கூடத்துக்குப் போனேன். எதிரே என் இடத்துக்குப் போகாமல், சின்னவள் உட்காரும் பக்கம் உட்கார்ந்தேன். அவர் புத்தகத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்தினார்.

ஆறாம் அதிகாரம். ஓர் இடத்தில் "நேபு... நேபு..." என்று நின்றுவிட்டார்.

"நேபுகாத்நேச்சார்" என்றேன் மெதுவாக.

சத்தமாகச் சொல்லி வசனத்தை முடித்தார். பிறகு புத்தகத்தையே பார்த்தபடி, "இவர அவங்க அம்மா சாப்பிடக் கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள சோறு ஆறிப்போயிருக்கும்" என்றார். சின்னவள் சொல்வது அது. சொன்னதும் அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. எனக்கு அழுகை வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். டயர் நாற்றம் அடித்தது.

அடுத்த வசனம் அவளுடையது. வாசித்தேன். அதற்கடுத்தது என்னுடையது. அதையும் வாசித்தேன்.

ஜெபத்தை என்னைச் செய்யச் சொன்னார். "ஆண்டவரே" என்றேன். மேற்கொண்டு ஒரு சொல் வரவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு, "ஆமென்" என்று அவரே முடித்துவைத்தார்.

அதே அதிகாரத்தில் இன்னும் நிறையப் பெயர்கள் பாக்கி. காலையில் அவர் கிளம்புமுன் அடுப்பு மேடையில் ஒருமுறை சேர்ந்து பார்த்துவிட வேண்டும்.