இடது கைப் பந்தும் ரெமியின் இடமும்

அன்புள்ள மகன் லூசியனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம். அந்த மொன்டானாப் பனியில் உனக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று மாதாவிடம் தினமும் கேட்டுக்கொள்கிறேன், உன்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் அதை மட்டும் நிறுத்தவில்லை. முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நான் பூசை நடுவில் எழுந்து போய்க் கோயில் வாசலில் நின்று அழுதேன் என்று உன் அக்கா க்ளோடெட் உனக்குப் போனில் சொன்னாளாம், ஊரிலும் அதே பேச்சு. இரண்டுமே பொய். கடைசி ஆசீர் வாங்கிய பிறகுதான் எழுந்தேன். கன்னியர் மடத்தில் படித்தவள் பூசை நடுவில் எழுந்திருக்கமாட்டாள். நேராக ஃபாதர் ப்ரூசாரிடம் போய், நோயாளிகளுக்காக ஜெபிக்கும் இடத்தில் என் மகன் கோச்சாக இருக்கும் கல்லூரி ஃபுட்பால் அணியை யாரைக் கேட்டுச் சேர்த்தீர்கள் என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, என்ன மிஸ் ஒடிலியா, பதினோரு ஆட்டத்துல ஒண்ணுதான் ஜெயிச்சிருக்காங்க, இதுக்கு மேல டாக்டரா வந்து பாக்கப்போறார் என்றார். அப்படியானால் இந்த மாதம் பீடத்துப் பூவையும் டாக்டரையே வந்து வைக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். கண் ஈரமாகக்கூட இல்லை.

வீட்டில் எல்லோரும் சுகம். க்ளோடெட்டின் மூத்தவளுக்கு ஈஸ்டர் முடிந்து கல்யாணம், மாப்பிள்ளை இறால் படகு வைத்திருக்கிறான், நல்ல பையன்தான், வாயை மூடிக்கொண்டு சாப்பிடத் தெரியவில்லை. பின்புறத்து ஓக் மரக் கிளை ஒன்று கொட்டகைமேல் விழுந்தது, வெட்டியாகிவிட்டது. நீ டெலிவிஷனில் பேட்டி கொடுத்ததைப் பார்த்தேன், தொப்பியைக் கழற்றாமல் பேசினாய், முகத்தில் சதையே இல்லை. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறாயா இல்லையா என்று தெரியவில்லை, சாப்பிடு. அந்தப் பேட்டியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அணியில் எறிகிற பந்தை ஓடிப்போய்க் கையால் பிடிக்கும் பையன்கள் நாலு பேரையும் அனுப்பிவிட்டு, வேறு கல்லூரிகளிலிருந்து வேகமாக ஓடுகிறவர்களைக் கொண்டுவரப் போவதாகச் சொன்னாய். கை இல்லாதவங்களுக்கு என்கிட்ட இடம் இல்ல என்று சிரித்தாய். அந்த நாலு பேரில் ஒருவன் நம் தெருக்கோடி வெர்லீனின் மகன் ரெமி. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்திருப்பவன், அம்மா பரிமாறிய சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து உன் பேச்சைப் போனில் பார்த்திருக்கிறான். உனக்குக் கீழே இரண்டு வருஷம் ஓடிய பையனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லும் மரியாதைகூட உன்னிடம் இல்லை. பத்திரிகைக்காரன் முதலில், பையன் பிறகு. இதை நீ என் வீட்டில் கற்கவில்லை.

மறுநாள் காலையில் வெர்லீன் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை, சமையலறை வாசலிலேயே நின்றாள். மிஸ் ஒடிலியா, என் பையனுக்குக் கை இல்லையாம், உங்க பையன் சொல்றாரு, ரெண்டு வருஷம் முன்னாடி இதே நாற்காலில உக்காந்து உங்க கம்போ சூப்ப ரெண்டு கிண்ணம் குடிச்சுட்டு, இந்தக் கைமாதிரி கை லூசியானாவுலயே இல்லன்னு சொன்னவரும் அவருதான், நடுவுல எங்க போச்சு கை என்றாள். அன்றைக்கு அவள் உன்னை நம்பி மகனை அனுப்பவில்லை லூசியன், அவளுக்கு உன்னைத் தெரியாது. படிப்பு முடியற வரைக்கும் அவன் அங்க இருப்பானா என்று அவள் கேட்டபோது, இருப்பான், எங்கம்மா சாட்சி என்று என் பக்கம் கையைக் காட்டினாய். நானும் தலையை ஆட்டினேன். அணியில் இடம் போனால் கல்லூரி கொடுக்கும் இலவசப் படிப்பும் போகும், ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிறவளால் அவனை வேறெங்கும் அனுப்ப முடியாது. மாதக் கடைசியில் வகுப்பு திறக்கிறது. அவன் பஸ் ஏறணுமா வேணாமா, சாட்சி நீங்கதானே, நீங்களே சொல்லுங்க என்று கேட்டுவிட்டுப் போனாள். கோயிலில் இப்போது என் வரிசையில் உட்காருவதில்லை.

டெலிவிஷனில் உன் ஆட்டம் ஒன்றையும் நான் தவறவிடவில்லை என்பது உனக்குத் தெரியும். பந்து பையன்களைத் தாண்டிப் போகவில்லை, கைக்கு வந்துதான் நழுவியது, நாலு பேருக்கும் ஒரே மாதிரி உள்ளங்கை ஓரத்தில் பட்டு நழுவியது. நாலு பையன்களுக்கு ஒரே கோடையில் கை போய்விடுமா. முந்தின வருஷம் அதே ரெமி நன்றாகப் பிடித்தான். இரண்டு வருஷத்துக்கும் நடுவில் மாறியது எறிகிறவன் மட்டும்தான், முன்னால் இருந்தவன் வலது கைக்காரன், இந்த ஹேடன் இடது கைக்காரன். அதனால் ரெமியைக் கூப்பிட்டு, கோடை முழுக்க உங்களுக்கு யார் பந்து எறிந்தது என்று கேட்டேன். மெஷின்தான் மேம், கோச் புதுசா வாங்கினார், நிமிஷத்துக்கு ஒண்ணு துப்பும் என்றான். ஹேடன் எங்கே என்றேன். அவன் அரிசோனாவுக்குப் போயிட்டான் மேம், அங்க ஒரு தனி வாத்தியார்கிட்ட எறியக் கத்துக்க, ஆகஸ்ட்லதான் வந்தான் என்றான். எறிகிறவன் ஒரு மாநிலத்தில், பிடிக்கிறவர்கள் ஒரு மாநிலத்தில், நடுவில் ஒரு மெஷின். இதற்குப் பெயர் பயிற்சியா?

கசாப்புக் கடை நூமாவை உனக்கு நினைவிருக்கும், பள்ளியில் உன் அப்பாவின் அணிக்கு எறிந்தவன், அவனும் இடது கை. சனிக்கிழமை கடையைச் சாத்திவிட்டு வரச்சொல்லி, ஆற்றுக்கரை மேட்டுக்குக் கீழே ரெமியை ஓடவிட்டேன். முதலில் வந்ததெல்லாம் கீழே விழுந்தது. நூமா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஏம்ப்பா, அது பந்துதான், பாம்பு இல்ல, தொட்டதும் எதுக்கு உதர்ற என்று கத்தினான். ரெமிக்கு முகம் கறுத்துவிட்டது. என்னிடம் வந்து, மேம், இவரு எறியறதும் ஹேடன் எறியறதும் ஒண்ணுபோலயே வருது, கைக்கு வர்றப்ப பந்தோட கூர் மூக்கு அந்தப் பக்கம் திரும்பிக்குது, நான் மெஷின் பந்துக்கு வைக்கிற மாதிரியே கைய வெச்சுடறேன் என்றான். இருட்டும்வரை எறியச் சொன்னேன். கடைசியில் பத்துக்கு இரண்டுதான் கீழே விழுந்தது, அதில் ஒன்று நூமாவின் தப்பு, அவனுக்கு மூச்சு வாங்கியது. இப்போது நூமா தினமும் எறிகிறான், ரெமி நன்றாகவே பிடிக்கிறான். வலது கைக்காரனின் பந்து ஒரு பக்கம் சுழலும், இடது கைக்காரனின் பந்து மறுபக்கம் சுழலும், உன் மெஷின் வலது கைக்காரனாகவே கோடை முழுக்க எறிந்திருக்கிறது. நீ இதை ஏன் பார்க்கவில்லை என்றும் எனக்குத் தெரியும். நடக்கப் பழகிய நாளிலிருந்து உன் அப்பாவின் இடது கைப் பந்தைப் பிடித்து வளர்ந்தவன் நீ, உனக்கு அதுதான் நேரான பந்து. இதை உனக்குச் சாக்காகச் சொல்லவில்லை. சம்பளம் வாங்குகிறவன் தன் கண்ணை மட்டும் நம்பி நாலு பையன்களைத் துரத்தக்கூடாது.

ஆகவே சொல்வதைக் கேள். அந்த அரிசோனா வாத்தியாரை நிறுத்து. ஹேடன் கோடையில் கல்லூரியிலேயே இருந்து இந்த நாலு பேருக்கும் தினமும் எறியட்டும். கோடையில் நீ மைதானத்தில் நிற்கக்கூடாது என்று விதி இருக்கிறது என்பாய், நீ நிற்கவேண்டாம், அவர்களுக்குள் எறிந்துகொள்ள எந்த விதியும் தடை இல்லை. நின்ற இடத்தில் நின்று பிடிப்பதை விட்டு ஓடிக்கொண்டே பிடிக்கட்டும், நெஞ்சோடு அணைத்துப் பிடிக்காமல் கையை முன்னால் நீட்டிப் பிடிக்கட்டும், பந்து கைக்குள் வரும்வரை பார்த்துவிட்டுப் பிறகு திரும்பட்டும், உன் உயரமான பையன் பந்து வருவதற்கு முன்பே திரும்பி ஓடப் பார்க்கிறான். அந்த மெஷினை யாருக்காவது விற்றுவிடு. புதிதாக ஓட்டக்காரர்களைக் கொண்டுவந்தால் என்ன நடக்கும் என்று நினைக்கிறாய், இவர்கள் மெதுவாகப் போய் நழுவவிட்டதை அவர்கள் வேகமாகப் போய் நழுவவிடுவார்கள், அடுத்த வருஷம் உன்னையும் அனுப்பிவிடுவார்கள். வேலை போனால் போகட்டும், உன் அறை இங்கே இருக்கிறது. ஆனால் அந்தப் பையனைத் துரத்திவிட்டு அதன் பிறகு வேலையும் போய் இங்கே வந்து நின்றால், அந்த அறையில் க்ளோடெட்டின் தையல் மெஷின்தான் இருக்கும், நீ ஓட்டலில் தங்கிக்கொள்.

கடவுள் உனக்கு நல்ல புத்தியையும் நல்ல உடம்பையும் தரட்டும், இந்த வரிசையிலேயே தரட்டும். மாத்திரையை மறக்காதே. டெலிவிஷனில் பேசும்போது தொப்பியைக் கழற்று. க்ளோடெட்டுக்குப் போன் செய்து என்னிடம் சொல்லச் சொல்லாதே, எனக்கும் போன் செய்யாதே, போனில் சொன்னதை அப்படிச் சொல்லவில்லை என்று நீ பிறகு சொல்லலாம். ரெமி பெட்டி கட்டாமல் காத்திருக்கிறான். அவனுக்கு இடம் உண்டா இல்லையா என்று உன் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு, வகுப்பு திறப்பதற்குள் எனக்கு வந்து சேரும்படி அனுப்பு.

உன் அம்மா,
ஒடிலியா தெரியோ