'லெ வேயர்' நாளை வராது

லியோன், 1942 அக்டோபர் 6

தணிக்கை அலுவலகத்திலிருந்து இன்றும் போன். நாட்டுத் தலைவர் மார்ஷலின் பேச்சு எங்கள் 'லெ வேயர்' பத்திரிகையின் முதல் பக்கத்தில் வர வேண்டும், தலைப்பு எழுத்து எவ்வளவு பெரிது என்பதையும் அவர்களே சொல்கிறார்கள். உருளைக்கிழங்குத் தட்டுப்பாடு பற்றி மூச்சு விடக் கூடாது. 'சந்தையில் காய்கறி தாராளம்' – இந்தத் தலைப்பை என் கையாலேயே போட்டேன்.

வீட்டுக்கு வந்தால், மனைவி லியோனி வெறும் தட்டை முன்னால் வைக்கிறாள். "உங்க 'லெ வேயர்'ல காய்கறி கொட்டிக் கெடக்குதாமே. அந்தப் பக்கத்தையே வேகவெச்சுத் தரட்டுமா?"

அக்டோபர் 20

முதலாளியும் ஆசிரியருமான பெரஷோனிடம் கேட்டே விட்டேன். இப்படிப் பிழைப்பதற்குப் பத்திரிகையை மூடிவிடலாமே?

"எங்கப்பா 1889ல ஆரம்பிச்சது, எத்தியேன். போன யுத்தத்துலகூட நிக்கல. நான் நிறுத்தவா?"

கோழை.

அக்டோபர் 21

ராஜினாமா எழுதினேன். கிழித்தேன். எங்கே போனாலும் இதே பொய்தானே?

நவம்பர் 11

இதுவரை வடக்கோடு நின்றிருந்த ஜெர்மன்காரர்கள் இன்று நம் ஊருக்குள்ளும் வந்துவிட்டார்கள். ரோன் பாலத்தில் டாங்கிகள். 'நம்மைக் காக்கவே வந்தார்கள்' என்று நான் தலைப்புப் போட வேண்டுமாம்!

"என்னால முடியாது ஐயா! நீங்களே எழுதிக்குங்க!" – எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். பெரஷோன் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேறு யாரோ எழுதினார்கள். அச்சேறியது. சீ.

நவம்பர் 12

பெரஷோன் அச்சுக்கூடத்துக்கு இறங்கி வந்து எந்திரத்தை நிறுத்தச் சொன்னார். "நாளைக்குப் பேப்பர் வராது. அவங்க இருக்கிற வரைக்கும் வராது."

நான் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நவம்பர் 14

வாசகர்களுக்கு எழுதிய விடைபெறும் குறிப்பைத் தணிக்கையில் அனுமதிக்கவில்லை. பக்கத்து வீட்டு மதாம் கோமெல் படியில் மறித்துக் கேட்கிறாள்: "என்ன முஸ்யே, உங்க பேப்பர் திவாலாயிடுச்சாமே?" என்னத்தைச் சொல்ல!

1944 மே 17

பெரஷோனைப் பிடித்துவிட்டார்கள். பூட்டிக் கிடந்த நம் அச்சுக்கூடத்தில் ஜெர்மன்காரர்களுக்கு எதிரான ரகசியத் தாள் அடித்துக்கொண்டிருந்தாராம். ஒரு வருஷமாக! நான் இந்தத் தெருமுனை சைக்கிள் கடையில் டியூப் ஒட்டிக்கொண்டு கிடந்தேனே – கூப்பிட்டிருக்கக் கூடாதா? என்னை நம்பவில்லையா? இல்லை, லியோனியை நினைத்துப் பார்த்தாரா?

ஜூலை 2

பெரஷோனைச் சிறையிலிருந்து ரயிலேற்றிவிட்டார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

செப்டம்பர் 23

ஊர் விடுதலையாகிவிட்டது. ஜெர்மன்காரர்கள் வந்ததுமே தாமாக நின்ற பத்திரிகைகளுக்கு மறுபடி வெளிவர அனுமதி. இன்று 'லெ வேயர்' வந்தது. காகிதம் இல்லை, ஒற்றைத் தாள்தான்.

லியோனி புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஆசிரியர்னு பெரஷோன் பேரையே போட்டிருக்கீங்க. ஏதாவது தகவல் வந்துச்சா?"

"இல்ல."

"அப்புறம் ஏங்க?"

"எடுத்துட்டா, வந்ததும் கோவிச்சுக்குவாரு."