நீங்கள் விட்டுவிட்ட வரி

இன்று மத்தியானம் அம்மா உங்கள் பாவற்காயைச் சீவிப் பொரித்தார். வெளிறின பச்சை, முள்ளில்லாத உடம்பு, உங்கள் ஊர்ச் சாதி. நீங்கள் தந்த விதையில் இந்த வருடம் வந்த முதற்காய். எண்ணெயில் விழுந்ததும் அந்தக் கசந்த மணம் குசினியைத் தாண்டி, நான் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்த வாசல்வரைக்கும் வந்தது. வேறொரு நாளாயிருந்தால் பசி எடுத்திருக்கும். இன்றைக்கு எரிச்சல்தான் வந்தது. உங்கள் நினைவுக்கூட்டத்திலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தேன்.

இறந்துபோனவரோடு கோபித்து என்ன பயன் என்று எனக்கு யாரும் சொல்லவேண்டாம். நீங்கள் உயிரோடு இருந்தபோதும் கோபித்தேன். அதே கோபத்தைத்தான் தொடர்கிறேன். ஒரு வித்தியாசம், முன்பு நீங்கள் தேநீரை ஊற்றி என் வாயை அடைத்துவிடுவீர்கள். இப்போது அதற்கு வழியில்லை, ஆகவே முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரத்தின் ஓரத்தில் ரயில் தண்டவாளத்தை ஒட்டிய அந்தச் சிறுதோட்டங்களில் உங்களுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு வேலி இருந்தது. தோட்டக்காரர் சங்கம் அதன் உயரத்தைக்கூட விதியாக எழுதி வைத்திருந்தது. அம்மா அந்தச் சங்கத்தோடு முருங்கையிலிருந்து தண்ணீர்க்குழாய்வரை சண்டை பிடித்தவர். உங்களுக்கோ விதி என்றால் சந்தோஷம். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இவ்வளவு உயரந்தான் என்று சொன்னவர் ஞானி. இதற்கு மேல் போனால் அயலவரின் முகம் தெரியாது" என்று ஜெர்மனில் சொன்னீர்கள். உங்கள் கையில் ஒரு பாவற்காய். அம்மாவின் கையிலும் ஒன்று, கருநிறமும் முள்ளுமாக. இரண்டு பேரும் ஒரே காய்க்கு இரண்டு பெயர் சொல்லிச் சிரித்துக்கொண்டே நின்றீர்கள். நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். பிறகு எல்லாச் சனிக்கிழமையும் எனக்கு அதுதான் வேலையாகிப்போனது.

அம்மா உங்களைத் தம்பி என்றார். நீங்கள் அவரை அக்கா என்றீர்கள். அம்மாவைப் பார்த்துப் பழகி என்னைப் "பிள்ளை" என்று கூப்பிடத் தொடங்கினீர்கள். தலை நரைத்த ஒரு சீனப் பேராசிரியர் வெங்காயத்தாளைப் பிடுங்கிக்கொண்டு "பிள்ளை, தண்ணி" என்று கத்தும்போது போகிற வருகிற ஜெர்மன்காரர் திரும்பிப் பார்ப்பார்கள். உங்களுக்கு அதில் ஒரு பெருமை.

நீங்கள் என்ன எழுதுகிறீர்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. மனிதன் தனியாளாகப் பிறந்து, பின்பு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு சமூகத்துக்குள் நுழைகிறான் என்பது ஐரோப்பாவின் கற்பனை என்றீர்கள். பிறக்கும்போதே அவன் ஒருத்திக்கு மகன், ஒருவனுக்குத் தம்பி. அரசியலை அங்கேயிருந்துதான் தொடங்கவேண்டும். தகப்பனைப் போல உங்களைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லுகிற அரசிடம், பிள்ளைகள் தகப்பனிடம் கேட்கிற கேள்வி எல்லாவற்றையும் கேட்கலாம். அந்தக் கடைசி வசனத்துக்காக உங்கள் நாட்டில் உங்கள் புத்தகம் கடைகளிலிருந்து காணாமற்போனது. முதல் வசனங்களுக்காக இங்கே உங்களை அந்த அரசின் ஆள் என்று எழுதினார்கள். இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கிக்கொண்டு நீங்கள் பாவல் கொடிக்குத் தடி நட்டுக்கொண்டிருந்தீர்கள். அந்த நாட்களில் உங்களை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதை மறைக்கமாட்டேன்.

அந்த எண்ணம் உங்களுக்கு எங்கேயிருந்து வந்தது என்றும் சொன்னீர்கள். உங்கள் தகப்பனார் ஒரு சின்ன ஊரில் பள்ளிக்கூட ஆசிரியர். மாணவர்களே ஆசிரியர்களை மேடையில் ஏற்றி அவமானப்படுத்திய காலம் அது. அவர் கழுத்தில் பலகையைத் தொங்கவிட்டு, அதுவரை ஆசிரியர் என்று கூப்பிட்ட பிள்ளைகள் வெறும் பெயரைச் சொல்லிக் கத்தினார்களாம். அவருடைய கையைக் கட்ட வந்தவன் ஒருவன் மட்டும், குனிந்தபோது, யாருக்கும் கேட்காமல் "ஆசிரியர்" என்றானாம். கட்டைத் தளர்த்தியும் விட்டானாம். "அந்த ஒரு சொல்லால் என் அப்பாவின் கை தப்பியது. சொல் போனால் எல்லாம் போகும், சொல் இருந்தால் மனிதனும் இருப்பான்" என்றீர்கள். அம்மா அழுதார். அன்றைக்குத்தான் அவரும் தன்னுடையதைச் சொன்னார்.

நான் அகதி விசாரணைகளில் மொழிபெயர்க்கிறவள். எங்கள் தொழிலில் "அவர் சொல்கிறார்" என்று சொல்வதில்லை, நான் என்றே சொல்லவேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஒரு வசனத்தின் வாலை நான் விழுங்கினால் ஒருவருடைய ஆன்ட்ராக், அந்த அகதி விண்ணப்பம், அதோடு முடிந்துபோகும். அன்றைக்கு உங்கள் தோட்டத்து மேசையிலும் அப்படித்தான் செய்தேன். அம்மா தமிழில் சொல்லச் சொல்ல, ஜெர்மனில், அம்மாவாகவே சொன்னேன்.

யாழ்ப்பாணத்தை ஆமி பிடித்த பிறகு, சந்தியில் ஆமியின் சென்றிக் காவலில் மறித்தார்கள். அம்மா, அண்ணா, நான். அண்ணா ஏ.எல் சோதினைக்குப் படித்துக்கொண்டிருந்தான். எனக்கு அம்மாவின் சீலைத் தலைப்பு மட்டுமே நினைவிருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆமிக்காரன் துவக்கை அண்ணாவின் நெஞ்சுக்கு நேரே பிடித்தான். அம்மா அவனைப் பார்த்து, "தம்பி, இவன் படிக்கிற பெடியன், விடுங்கோ தம்பி" என்றார். அவன் துவக்கைத் தாழ்த்தினான். முகம் இளகியது. உடைந்த தமிழில், "அம்மா, பயம் வேணாம்" என்றான். பிறகு, "விசாரிச்சு விடுறது, அம்மா" என்று சொல்லி அண்ணாவைத் தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு போனான். அடிக்கவில்லை. ஏசவும் இல்லை. அண்ணா இன்றுவரை வரவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு சொல்லையும் நான் விடவில்லை. நீங்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருந்தீர்கள்.

பிறகு உங்கள் அடுத்த புத்தகம் வந்தது. வேலைக்குப் போகிற ரயிலில் வாசித்தேன். மூன்றாம் அத்தியாயத்தில் எங்கள் அம்மா. பெயரில்லாமல், "போர் நடந்த ஒரு தீவில் ஒரு தாய்" என்று. அவர் படைவீரனைத் தம்பி என்று அழைக்கிறார். அவன் துவக்கைத் தாழ்த்துகிறான். அம்மா என்று திருப்பி அழைக்கிறான். அரசும் பகையும் எட்டமுடியாத இடத்தில் உறவு முதலில் நிற்கிறது என்று எழுதி அந்தப் பந்தியை முடித்திருந்தீர்கள். அவ்வளவுதான். அண்ணாவைக் கூட்டிக்கொண்டு போகிற வரி அங்கே இல்லை. நான் இறங்கவேண்டிய இடம் கடந்துபோனது எனக்குத் தெரியவில்லை. அன்றைய டெர்மினுக்கு, விசாரணைக்குக் குறித்த நேரத்துக்கு, பிந்திப் போய் அதிகாரியிடம் பேச்சு வாங்கினேன்.

மாலையில் நேரே தோட்டத்துக்கு வந்தேன். நீங்கள் கொடியைத் தடியோடு கட்டிக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்கு என் முகமே சொல்லிவிட்டது.

"மிச்சம் எங்கே?" என்று கேட்டேன்.

"அதைச் சேர்த்தால் அத்தியாயம் உடைந்துவிடும், பிள்ளை."

"உடையட்டும்."

"உடைந்தால் கையில் என்ன மிஞ்சும்? கூட்டத்தின் கூச்சல். அதை நான் சின்ன வயதில் பார்த்தவன்."

"நான் பார்த்தது கூச்சலே இல்லாத ஒன்று. மரியாதையாகப் பேசித்தான் கொண்டுபோனார்கள். அதற்கு உங்கள் புத்தகத்தில் இடம் இல்லையா?"

நீங்கள் நூலைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றீர்கள். எழுதுவேன் என்றீர்கள். அதற்கு இன்னொரு சிந்தனை வேண்டும், அது இன்னும் பிடிபடவில்லை என்றீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்களிடம் சிந்தனையையா கேட்டேன்? ஒரு வரி கேட்டேன். "மகன் திரும்பி வரவில்லை." இதை எழுத ஒருவருக்கு எந்தத் தத்துவம் வேண்டும்? ஊருக்கெல்லாம் உறவு என்று எழுதத் தெரிந்த உங்களுக்கு, உங்களை உறவு என்று நம்பி வாய்திறந்த ஒரு மனிசியின் கதையை முழுசாகச் சொல்லத் தெரியவில்லை. உங்கள் அப்பாவின் கையைத் தளர்த்திக் கட்டியவனை நம்பினீர்கள், சரி. எங்கள் அண்ணாவின் தோளில் கைபோட்டவனை என்ன செய்வது? அவனும் ஒரு தாயை அம்மா என்றவன்தானே? சொல் இருந்தது. மனிதன்தான் போய்விட்டான்.

அதையெல்லாம் உங்களிடம் கத்தியே கேட்டேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் எழும்பி வந்து மத்தியான ஓய்வுநேர விதியைப் பற்றி ஏதோ சொன்னார், அப்போது நேரம் மாலையாகியிருந்தது. நீங்கள் அவரைப் பார்த்துத் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டீர்கள். எனக்கு அதுவும் ஆத்திரம். யாரிடம் கேட்கவேண்டிய மன்னிப்பை யாரிடம் கேட்கிறீர்கள்!

அம்மாவுக்கு நான் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன், தொழில் விதிப்படி, ஒன்றும் விடாமல். கேட்டுவிட்டு, "பாவம், அவனுக்கு அதுக்கு மேல எழுத ஏலாமப் போச்சு" என்றார். அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல உங்களுக்குப் பாவற்காய்ச் சம்பல் கொண்டுவந்தார். நான் வரவில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

பிறகு உங்களுக்கு வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தீர்கள். சாவதற்கும் நல்ல நேரம் பார்த்தீர்கள், சண்டை பாதியில் நிற்கும்போது. ஆஸ்பத்திரியில் அம்மா கஞ்சி பருக்கும்போது நான் ஜன்னலோரமாக நின்றேன். "பிள்ளை, எழுதிக்கொண்டிருக்கிறேன்" என்றீர்கள். பொய். கட்டிலருகே பேனைகூட இருக்கவில்லை. அந்த நிலைமையில் உங்களோடு என்னத்தைச் சண்டை பிடிப்பது? போர்வையை இழுத்துவிட்டு வந்தேன்.

நீங்கள் போனபோது, முகம் பார்க்காமல் விடமாட்டேன் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார். இங்கே பெட்டியை மூடி, மலர் வைத்து, இசை போட்டு முடித்துவிடுவார்கள். நான் அலைந்து, முகம் பார்க்க ஒரு டெர்மின் எடுத்தேன். அந்தக் குளிர்ந்த அறையில் அம்மா உங்கள் நெற்றியில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். அவ்வளவு நேரம் என்ன பார்க்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

இன்று காலை கூட்டத்தில் பேராசிரியர் ஒருவர் எழுந்து, உங்கள் எழுத்திலேயே மனிதநேயம் மிகுந்த பக்கம் என்று சொல்லி, எதை வாசித்தார் தெரியுமா? அதேதான். போர் நடந்த தீவு, தாய், தாழ்ந்த துவக்கு. முன்வரிசையில் ஒரு பெண் கைக்குட்டை எடுத்தார். நான் எழுந்தேன். யாரும் கூப்பிடவில்லை. தொழிலில் பேசுகிற குரலில், "பிறகு அவர் என் மகனின் தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு போனார். அவன் வரவில்லை. நான் இன்னும் வழி பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்று ஜெர்மனில் சொன்னேன். என்னையே அந்தத் தாய் என்று சிலர் நினைத்திருக்கவேண்டும், என் வயதைப் பார்த்துக் குழம்பினார்கள். பேராசிரியர், "மிக ஆழமான ஒரு குறிப்பு, நன்றி" என்றார். அடுத்ததாக எல்லோரையும் பக்கத்து அறைக்கு வைன் குடிக்க அழைத்தார்கள்.

குறிப்பாம். அண்ணா குறிப்பாகிப்போனான். நான் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன், பேருந்தில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். அப்படித்தான் வாசலில் உங்கள் பாவற்காயின் மணம் என்னைப் பிடித்தது.

"அவன்ர படம் ஏதும் தந்தவையோ?" என்று அம்மா குசினியிலிருந்து கேட்டார். கூட்டத்தில் தந்த, உங்கள் படம் அச்சிட்ட அட்டையைக் கொடுத்தேன். அதைச் சட்டையில் துடைத்துவிட்டு முன்னறைக்குப் போனார். அங்கே எங்கள் அப்பாவின் படம் மாலையோடு. பக்கத்தில் அண்ணா, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு, மாலையில்லாமல். ஒருமுறை நீங்கள் சாப்பிட வந்தபோது, இந்தப் படத்துக்கு ஏன் பூ இல்லை என்று கேட்டீர்கள். செத்தவர்களுக்குத்தான் நாங்கள் மாலை போடுவோம் என்று சொன்னேன். உடனே பேச்சை மாற்றினீர்கள்.

அம்மா மாலை கட்டி வைத்திருந்தார். பூச்சி வராமலிருக்க நீங்கள் பாவலுக்கு ஓரமாய் நட்ட அந்தச் செம்மஞ்சள் பூக்கள். உங்களை அண்ணாவுக்கு அடுத்தாற்போல் சாத்தி வைத்து, மாலையைப் போட்டுச் சரிபார்த்தார்.

"அம்மா, அந்த மனிசன் எங்கட கதையில பாதியை விழுங்கினவர். அவருக்கு மாலையோ?" எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. "இவனுக்கெண்டாப் போடலாம், பிள்ளை. இவன்ர முகத்தைப் பாத்தனாங்கள்தானே."

நூலில் பூ மிஞ்சியிருந்தது. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாவின் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குசினிக்குக் கொண்டுபோய்த் தண்ணீரில் போட்டுவைத்தார்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை, ஆறுமென்றும் தோன்றவில்லை. புத்தகம் திரும்ப அச்சாகப்போகிறதாம். அந்தப் பக்கத்தை எங்கெங்கே வாசிக்கிறார்களோ அங்கங்கே எழும்பி நின்று மிச்ச வரியைச் சொல்லுவேன், அம்மாவாகவே, நான் என்று. இப்போது சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதுகிறேன். எதிரே நீங்கள் மாலையோடு சிரிக்கிறீர்கள். அண்ணாவின் கழுத்து இன்னும் வெறுமையாக இருக்கிறது.