இவருடைய மூன்றாவது ஊசி

12-7-1982, திங்கள்

பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு இவரோடு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இவருக்கு ஈரலில் புற்று, முற்றிய பிறகுதான் தெரிந்தது. ஆபரேஷன் முடியாது, மருந்து மட்டும்தான். இன்று முதல் ஊசி. மருந்து சிவப்பு. "சர்பத்த நரம்புல ஏத்துறீங்களே சிஸ்டர், கிளாஸ்ல குடுத்தா ஆவாதா?" என்று நர்சைக் கேட்டார். வார்டே சிரித்தது. என்னால் முடியவில்லை.

அந்த மருந்தை உடம்பிலிருந்து வெளியேற்றுவதும் ஈரல்தானாம். ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் ரத்தத்தில் காமாலை மஞ்சள் எவ்வளவு என்று பார்ப்பார்கள். ஏறியிருந்தால் மருந்தைக் குறைப்பார்கள், ரொம்ப ஏறினால் கிடையாது.

26-7-1982

மாலை வீட்டுக்கு வந்தால் இவர் உள்ளங்கை இரண்டும் மஞ்சள். கண்ணை இழுத்துப் பார்த்தேன் — வெள்ளையாகத்தான் இருந்தது. அப்புறம்தான் புரிந்தது, தோல் பதனிடப் போடும் கடுக்காய்க் கறை! நான் கிளம்பியதும் டேனரிக்கு நழுவியிருக்கிறார். இந்த சூப்பர்வைசர் சத்தியநாதன் இல்லாவிட்டால் ஆம்பூரில் தோல் பதப்படாதோ?

"சும்மா பாத்துட்டு வந்தேன் சாரா."

பார்க்கிறவர் கையில் கறை எப்படி ஒட்டும்? நன்றாகத் திட்டினேன். திட்டிக்கொண்டே, என்ன மனிதர் இவர் என்று பெருமையாகவும் இருந்தது.

2-8-1982

மஞ்சள் கொஞ்சம் ஏறியிருக்கிறது. இரண்டாவது ஊசி பாதியளவுதான்.

19-8-1982

கண் மஞ்சளாகிவிட்டது. இது கறை இல்லை.

23-8-1982

மூன்றாவது ஊசி கிடையாது. மஞ்சள் தாறுமாறாக ஏறிவிட்டது. மருந்தாலா, கட்டியாலா? இரண்டாலும் இருக்கலாம், இனி கொடுத்தால் ஈரல் தாங்காது என்றார் டாக்டர். இவர் சிநேகிதர் ஹயாத் பாஷா பம்பாயில் அலைந்து வாங்கிய மருந்து வார்டு ஃபிரிட்ஜில் பிரிக்காமல் இருக்கிறது. கால்வாசியாவது போடுங்களேன் என்று கெஞ்சினேன்.

இவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். எதிர்க் கட்டிலில் ஆலங்காயம் கெங்கம்மாள். அவருக்கு மார்பில் புற்று, இதே சிவப்பு மருந்து, கிடைக்காமல் காத்திருக்கிறார்.

"அந்தம்மா ஈரல் நல்லாருக்கா சார்?" என்று டாக்டரைக் கேட்டார்.

"நல்லா இருக்கு."

"அப்ப என்னுத அவங்களுக்குப் போட்டுடுங்க."

பஸ்ஸில் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். தனக்கென்று ஒன்றுமே வைத்துக்கொள்ள மாட்டாரா இந்த மனுஷன்? வைத்துக்கொண்டாலும் போட முடியாத மருந்து — அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் எதிர்க் கட்டில் யார் கண்ணில் படும்? இவர் கண்ணில் பட்டது. அந்த மஞ்சள் கண்ணில்.

5-9-1982

வாந்தி நின்றிருக்கிறது. மீன் குழம்பு கேட்டுச் சாப்பிட்டார்.

11-10-1982

பள்ளியிலிருந்து திரும்பினால், வாசலில் சீத்தாப்பழக் கூடையோடு கெங்கம்மாள். தலையில் முடி இல்லை, முக்காடு. ஆனால் முகம் தெளிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் மூச்சுவிடாமல் பேசினார். கட்டி சுருங்கியிருக்கிறதாம், ஈரலுக்கு ஒன்றும் ஆகவில்லையாம்.

"அண்ணன் எங்கம்மா? கையப் புடிச்சி ஒரு வார்த்த சொல்லணும்."

அப்புறம்தான் என் வெள்ளைப் புடவையைக் கவனித்தார். கூடையைக் கீழே வைத்தார்.

நான் கையை நீட்டினேன். "எங்கிட்ட சொல்லுங்க," என்றேன்.