டிரம்ஸ் என்ற இடத்தில் ஒரு கோடு

உ
வேலும் மயிலும் துணை

மயூர் விஹார், தில்லி
செவ்வாய்க்கிழமை

சிரஞ்சீவி ஆல்பர்ட்டுக்கு, அந்த ஆக்லாந்து குளிரில் நீ சுகமாக இருக்க என் முருகனையும் உன் மாதாவையும் வேண்டிக்கொண்டு ஜலஜா ஆன்ட்டி எழுதுவது.

போன ஞாயிறு பதினொன்றரை மணிக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: மாதவ், ஸ்நேகா, ஸ்நேகாவின் நாலு வயதுப் பெண், ஹர்ஜீத், கல்கத்தாவிலிருந்து வந்திருந்த தியா, கீழ்வீட்டு தட்சிணாமூர்த்தி சார், அங்கிள், நான். ஆக எட்டுப் பேர். தட்சிணாமூர்த்தி சாரை யாரும் கூப்பிடவில்லை, சத்தம் கேட்டு அவராக ஏறி வந்தார். கூப்பிட்டும் வராதவன் நீ ஒருத்தன்தான்.

தியா யார் என்று உனக்குத் தெரிந்திருக்கும். ஸ்நேகா மூன்று மெயில் போட்டாளாமே, ஒன்றுக்காவது பதில் எழுதக்கூடாதா? சரி, நானும் சொல்லிவிடுகிறேன். பழைய ரெக்கார்டிங்குகளைத் தேடிப் பிடித்து, அந்தக் காலத்துக் கறுப்பு இசைத்தட்டாகப் போட்டு விற்கிற பெண் அவள். ‘ஸ்டெபிலைசர்’ என்று பேண்டுக்குப் பெயர் வைத்துக்கொண்டு நீங்கள் நாலு பேரும் எங்கள் பின் அறையில் அடித்ததை இப்போது தட்டாகப் போட வேண்டுமாம். என் ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசரை எரித்ததற்கு ஞாபகார்த்தமாக வைத்த பெயர் என்று அவளிடம் ஹர்ஜீத் பெருமையாகச் சொல்கிறான். எரிந்தது மே மாதம், உள்ளே இரண்டு லிட்டர் பால் இருந்தது என்று நான் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டாள்.

அந்த நாளில் தில்லியில் இந்த மாதிரி இரைச்சல் ராக் பண்ணினவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் ஆன்ட்டி என்றாள். எண்ணினேனே அம்மா, இட்லி ஊற்றுவதற்காக ஒவ்வொரு ஞாயிறும் எண்ணினேன் என்றேன்.

ரெக்கார்டிங்கைப் போட்டுக் கேட்டார்கள். மிக்ஸி ஜாருக்குள் கரண்டி விழுந்த மாதிரி மாதவின் கிட்டார். அதன் மேல் ஸ்நேகா, பல் பிடுங்குகிற இடத்தில் உட்கார்ந்த மாதிரி. பதின்மூன்று வருஷத்தில் துளி இனிமை ஏறவில்லை. ஆனால் அடியில் உன் டிரம்ஸ் மட்டும் ஒரு நிதானத்தோடு போகிறது. அன்றைக்கே எனக்கு அது தெரியும், சொன்னதில்லை. நடுவில் டிங் டிங் என்று ஒரு சத்தம். அது என்ன வாத்தியம் என்று தியா கேட்டாள். சஷ்டி விரதத்தில் நான் அடித்த பூஜை மணி! கதவைச் சாத்திக்கொள்ளுங்கள் என்று தலையால் அடித்துக்கொண்டேன், கேட்டீர்களா? இப்போது என் பெயரையும் தட்டில் போடுவார்களாம், என் கையெழுத்தும் வேண்டுமாம். தட்சிணாமூர்த்தி சார் கதவுப் பக்கம் நின்றபடியே கேட்டுவிட்டு, என்னம்மா, பசங்க திரும்ப ஆரம்பிச்சுட்டாளா என்றார். பிறகு உட்கார்ந்து நாலு பஜ்ஜி சாப்பிட்டு, முன்னைக்கு இப்ப எவ்வளவோ தேவலை என்றார். அதே ரெக்கார்டிங்தான் சார் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

தகராறு அதற்கப்புறம்தான். யார் யார் எதை வாசித்தார்கள் என்று எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட ஒரு தாள் கொண்டுவந்திருந்தாள் தியா. கிட்டார் மாதவ், பாட்டு ஸ்நேகா, பாஸ் கிட்டார் ஹர்ஜீத் என்று எழுதிக்கொண்டே வந்த மாதவ், டிரம்ஸ் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டான். ஸ்நேகா பேனாவைப் பிடுங்கினாள். உனக்கு முப்பத்தேழு வயசாகுது, வெட்கமா இல்லையாடா என்றாள். சொல்லிக்காம ஓடிப்போனவன் பேரை நான் எழுத மாட்டேன் என்றான். அப்படியானால் எனக்கும் கோடு போடுடா என்று ஹர்ஜீத் எழுந்துவிட்டான். அன்றைக்கு ஆல்பர்ட் வந்தானா என்பதே சந்தேகம், மெஷினில்கூட அந்தத் தாளத்தைப் போட்டிருக்கலாம் என்று என் பிள்ளை வாய் கூசாமல் சொன்னதும், நான் உள்ளே போய் என் நோட்டை எடுத்துவந்தேன்.

உனக்கு அந்த நோட்டு தெரியும், நீதானே கேலி பண்ணுவாய், ஆன்ட்டியோட அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர் என்று. ஐந்தாம் கிளாஸோடு நின்றவள் நான். எழுத்து மறந்துவிடக் கூடாது என்று தினமும் நாலு வரி எழுதி வந்ததுதான். 2012 நவம்பர் 18, ஞாயிறு, சஷ்டி: மாதவ், ஸ்நேகா, ஹர்ஜீத், ஆல்பர்ட். இட்லி முப்பத்தி நாலு. ஆல்பர்ட் விரல் கிழிந்தது, மஞ்சள் வைத்தேன், கட்டோடு வாசித்தான். இதை எல்லார் முன்னாலும் படித்தேன். ஆல்பர்ட் பெயர் இல்லாத தாளில் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றும் சொன்னேன்.

மாதவ் என்னை ஒரு மாதிரி பார்த்தான். உனக்கு என்னம்மா இதுல என்று கேட்டான். பால் பொங்குகிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். அடுப்பில் பால் இல்லை.

உங்கள் நாலு பேரோடும் எனக்குப் பொறுமை போய்விட்டது, ஆல்பர்ட். அடித்துக்கொண்டாலும் பரவாயில்லை, பேசாமல் இருந்தே ஒரு ஆயுளைக் கழித்துவிடுவீர்களோ? ஷாபூர் ஜாட்டில் அந்த அடித்தளத்துக் கடையில் நீங்கள் வாசித்தது ஞாபகம் இருக்கிறதா? வயரை மறந்துவிட்டுப் போனீர்கள், நான் மெட்ரோவும் ஆட்டோவும் பிடித்து எடுத்து வந்தேன். கேட்க வந்திருந்தவர்கள் பதினாறு பேர், அதில் பாதிப் பேர் காதில் விரலை விட்டுக்கொண்டு சிரித்தபடி நின்றார்கள். காதை மூடிக்கொள்வதற்கு எதற்கு வர வேண்டும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆனால் வாசித்து முடித்ததும் நாலு பேரும் ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்து, மழையில் நனைந்த கோழிகள் மாதிரி நின்றீர்களே, அது புரிந்தது. மாதவ் அதற்கு முன்னாலோ பின்னாலோ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இப்போது ஆபீஸ் போகிறான், வருகிறான், போனைப் பார்க்கிறான். ஒரு சிநேகிதன் வீடு தேடி வருவதில்லை. ஞாயிறன்று மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்ததே பெரிய விஷயம். போகும்போது ஸ்நேகாவும் ஹர்ஜீத்தும் தனித்தனியாகப் போனார்கள்.

நேற்று மெட்ரோவில் துவாரகா போய் உன் அக்கா எஸ்தரைப் பார்த்தேன். போக மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல், இந்த முழங்காலோடு. உன்னைப் பதில் போடச் சொல்ல வேண்டும் என்றேன். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறான் ஆன்ட்டி, நான் போகக் கூடாத வீடு அதுன்னு மட்டும் சொல்றான். அவள் கொடுத்த காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

இந்தக் கடிதத்தை மாதவ் பார்த்தாலும் பாதகமில்லை, தமிழில் ஒரு பக்கம் எழுத்துக்கூட்டிப் படிக்க அவனுக்கு ஒரு நாள் ஆகும். நீ லக்ஷ்மிபாய் நகர் தமிழ் ஸ்கூலில் படித்தவன். அதனால் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

2013 ஜனவரியில், நம் மாடிப்படியில், நீ ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தபோது நான்தான் உன்னிடம் வந்தேன். மாதவுக்குப் பரீட்சை, இந்தச் சத்தத்தில் அவன் வாழ்க்கையே போய்விடும், நீ இனி வராதே, நான் சொன்னேன் என்று அவனிடம் சொல்லாதே, பரீட்சை முடிந்ததும் நானே கூப்பிடுகிறேன் என்றேன். முருகன் படத்தின் முன்னால் சத்தியம் பண்ணச் சொன்னேன். நீங்க சொன்னா போதும் ஆன்ட்டி, சாமியெல்லாம் எதுக்கு என்றாய். அவ்வளவுதான் நீ பேசினது.

டிரம்ஸ் நின்றால் மற்றது தானாக நிற்கும் என்று கணக்குப் போட்டேன். அதற்கு மேலும் ஒன்று உண்டு. ஸ்நேகாவிடம் சொன்னால் அவள் அம்மா சண்டைக்கு வருவாள், ஹர்ஜீத்திடம் சொன்னால் ஊரையே கூட்டுவான். உனக்கு அப்பா அம்மா இல்லை, என்ன சொன்னாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை என்று தெரிந்துதான் உன்னிடம் சொன்னேன். 

மாதவ் முதல் தடவை தேறவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. மூன்றாவதில் தேறினான், மலை மந்திர் முருகனுக்கு அபிஷேகம் பண்ணினேன், எல்லாருக்கும் பிரசாதம் கொடுத்தேன். உன்னைக் கூப்பிடவில்லை. மறந்தேன் என்று சொன்னால் பொய். அப்போது நீ வெளிநாடு போயிருந்தாய், மாதவ் உன் பேரை எடுத்தாலே எழுந்து போவான், கூப்பிட்டால் எல்லாம் வெளியே வரும் என்று இருந்துவிட்டேன்.

கோபமாகக்கூட வருகிறது எனக்கு, உன் மேல்! செருப்பை வெளியே விடு என்று நூறு தடவை சொன்னேன், கேட்டாயா? மாமி என்று கூப்பிடு என்றேன், கேட்டாயா? விரலில் கட்டு இருக்கிறது, இன்றைக்கு அடிக்காதே என்றேன், கேட்டாயா? ஒன்றையும் கேட்காத பிள்ளை, கேட்கக் கூடாத இதை மட்டும் பதின்மூன்று வருஷம் இப்படிக் கேட்டுக்கொள்வதா? ஒரு நாள், ஒரே ஒரு நாள், மாதவிடம் உன் அம்மாதான் சொன்னாள் என்று சொல்லியிருந்தால் என்ன? என்னோடு அவன் பத்து நாள் பேசாமல் இருந்திருப்பான், அவ்வளவுதானே.

இப்போதாவது பேசாமல் இருக்கட்டும். எஸ்தர் வெள்ளிக்கிழமை உன்னிடம் கிளம்புகிறாள், இதை அவள் கையில் கொடுக்கிறேன். அவள் விமானம் ஏறின அன்றே மாதவை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். உன் பதிலுக்காகக் காத்திருந்து சொல்வதாக முதலில் நினைத்தேன். அப்படிக் காத்திருந்தேதான் இவ்வளவும் ஆயிற்று. அங்கிளிடம் இன்று காலை சொல்லிவிட்டேன். காது மந்தம் என்பதால் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை கேட்டுவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தார்.

அந்தத் தாளுக்கு இந்த மாசக் கடைசி வரைதான் கெடு. தட்டு வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு ஒன்றுதான், அதைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கையெழுத்துப் போடப் பிடிக்கவில்லை என்றால் போடாதே. என்னை மன்னி என்று கேட்க இந்த வயதில் எனக்கு வாய் வரவில்லை, அதையும் நீ புரிந்துகொள்வாய் என்று எதிர்பார்ப்பது அநியாயம். ஆனால் கூப்பிடுகிறேன் என்று சொன்னவள் நான். பரீட்சை முடிந்து பத்து வருஷம் ஆகிறது, ஆல்பர்ட். வீட்டுக்கு வா.

உனக்கும் உன் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதம்.

ஜலஜா ஆன்ட்டி

இதற்கு மட்டும் சீக்கிரம் பதில் போடு.