நான்காவது வரி

மார்ச் 3
தொப்புளுக்கு இடப்பக்கம் வலி. சாப்பிட்டு அரை மணியில் தொடங்கிவிடுகிறது. வலி தொடங்கி இது ஐந்தாவது மாதம். வயிற்று டாக்டர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், “டென்ஷன்மா. வாக்கிங் போங்க” என்றார். ஏற்கெனவே ஒன்பது கிலோ இறங்கியாயிற்று. இன்னும் நடந்தால் காற்றில் பறந்துவிடுவேன்.

மார்ச் 4
நாத்தனார் போனில் யாரிடமோ சொல்கிறாள்: “அண்ணிக்கு வேலை செய்ய உடம்பு வளையல, வேற என்ன?” காதில் விழாத மாதிரி பாத்திரம் கழுவினேன். அவள் தட்டை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன்.

மார்ச் 11
நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரிலேயே வயிற்றுக்கு சி.டி. ஸ்கேன். படம் பார்க்கும் டாக்டருக்கு நான் வைத்த பெயர் அவசரக்குடுக்கை. பன்னிரண்டு வருடமாக அவர் சொல்லச் சொல்ல ரிப்போர்ட் அடிப்பவள் நான். இன்று என் வயிற்று ரிப்போர்ட்டையே என்னை அடிக்கச் சொன்னார். “கல்லீரல், பித்தப்பை, கிட்னி நார்மல். மத்ததெல்லாம் வழக்கம்போல.”
வழக்கம்போல என்றால், கம்ப்யூட்டரில் தானாக வந்து நிற்கும் வரிகளைத் தொடாதே என்று அர்த்தம். தொடவில்லை.

மார்ச் 12
ரிப்போர்ட்டைப் பார்த்ததும் வயிற்று டாக்டருக்கு ஜெயித்த முகம். திரும்பி வரும்போது வீட்டுக்காரர், “எல்லாம் நார்மல்னு வந்திருக்கு. சந்தோஷப்படாம ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?” என்றார். நான் செத்த பிறகு அந்த ரிப்போர்ட்டை பிரேம் போட்டு மாட்டிக்கொள்ளட்டும்.

ஏப்ரல் 2
வேலையிடத்தில் மயங்கி விழுந்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே சர்ஜன் அம்மா ரிப்போர்ட்டைத் திறக்கவே இல்லை. “படம் எங்க?” என்று கேட்டு வாங்கி, திரையில் விரலை வைத்தார்.
“இது குடலைத் தாங்குற கொழுப்பு. நல்லா கறுப்பா தெரியணும். உங்களுக்குப் பாருங்க, வீங்கிச் சாம்பலா கிடக்கு. இதைப் போய் நார்மல்னு எவன் எழுதினான்?”
ரிப்போர்ட்டை எடுத்து வரிகளை எண்ணினேன்.
எவனும் எழுதவில்லை. நான்காவது வரி, ‘வயிற்றுக் கொழுப்பு: இயல்பு’ — எட்டு வருடத்துக்கு முன்னால் நான்தான் அதை நிரந்தரமாகப் போட்டு வைத்தேன். தினமும் அடித்து அடித்துக் கை வலிக்கிறதென்று. அவசரக்குடுக்கை அன்று என்னைக் கெட்டிக்காரி என்றார்.
எட்டு வருஷம். எத்தனை வயிறு? ஐயோ, எத்தனை பேர ‘இயல்பு’ன்னு வீட்டுக்கு அனுப்பியிருக்கேன் நான்?

ஏப்ரல் 9
சின்னத் துளை போட்டுச் சதை எடுத்தார்கள். புற்றா என்று பார்க்க. ஆறு நாள் ஆகுமாம்.

ஏப்ரல் 12
யாரும் என்னோடு பேச வேண்டாம்.

ஏப்ரல் 15
புற்று இல்லை. கொழுப்பில் அழற்சி, அபூர்வமானதாம். வீட்டுக்காரர் அழுதார், கண்ணைத் துடைத்துக்கொண்டே, “உனக்குக் கொழுப்புன்னு கல்யாணமான புதுசுலயே சொன்னேன்” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாத்தனாருக்கோ ஒரே பெருமை. “சும்மா எல்லாருக்கும் வந்துடாதாம்!” என்று ஊருக்கெல்லாம் போன்.

மே 6
ஸ்டீராய்டு. கூடவே மார்பகப் புற்றுக்குக் கொடுக்கும் மாத்திரை ஒன்று, இதற்கும் கேட்குமாம். முகம் பூசணிக்காயாகிவிட்டது. அகோரப் பசி, அதைவிட எரிச்சல். காலையில் மூடி சரியாக உட்காராத மிக்ஸியைத் திட்டித் தீர்த்தேன்.
வலி? இப்போதுதான் கவனிக்கிறேன் — சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகிறது.

ஜூலை 20
வேலைக்குத் திரும்பினேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் நான்காவது வரியை அழித்தேன். அந்த இடம் காலியாக இருந்தால் ரிப்போர்ட் அச்சாகாதபடியும் செய்துவைத்தேன்.
பதினோரு மணிக்கு அவசரக்குடுக்கை கத்தினார். “கொழுப்பு லைன் எங்க? யாரு கை வச்சது?”
“நான்தான் சார். போட்டதும் நான்தான், எடுத்ததும் நான்தான். பார்த்துச் சொல்லுங்க, அடிக்கிறேன்.”
“வெளிய பத்து பேர் உக்காந்திருக்காங்க.”
“உக்காரட்டும்.”
விரல்களைத் தயாராக வைத்துக்கொண்டு அவரையே பார்த்தேன். ஏதோ முனகினார். பிறகு படத்தை மேலிருந்து மறுபடி உருட்டத் தொடங்கினார்.